லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டத்தில் இல்லை: சீன ரயில் ஒப்பந்தங்கள் வேலை செய்த விதம்

1903 ஜூலையில் ஷாங்காய்–நான்ஜிங் ரயிலுக்குக் கையெழுத்தான கடன் ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய அநியாயம் எதுவும் தெரியாது. 32.5 லட்சம் பவுண்டு, 5% வட்டி, 50 வருஷம். சீனா தரப்பில் ரயில் துறைத் தலைவர் ஷெங் ஷுவான்ஹுவாய், எதிரே ஜார்டின் மாத்திசன் என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனமும் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் சேர்ந்து உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனம்.

சூட்சுமம் உள்ளே இருக்கிறது. 100 பவுண்டு கடன் பத்திரத்துக்குச் சீனாவின் கையில் வருவது 90தான், ஆனால் வட்டி 100க்குக் கட்ட வேண்டும், முடிவில் திருப்பித் தருவதும் 100. முதலிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும் வட்டிக்கடைக் கணக்கேதான்; உண்மையான வட்டி 5.5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்புறம் வெளிநாட்டிலிருந்து தண்டவாளம், இன்ஜின் வாங்கினால் அதற்கு 5% கமிஷன், அதுவும் அதே நிறுவனத்துக்கு.

லாபப் பங்கு இதற்கெல்லாம் மேல். நடத்தும் செலவும் வட்டியும் போக மிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கு கடன் கொடுத்தவருக்கு. சரி, மிஞ்சாவிட்டால்? வட்டியைச் சீன அரசு வேறு வருமானத்திலிருந்து கட்டியே ஆக வேண்டும், பங்காளி நஷ்டத்தில் தலைகொடுக்க மாட்டார். பக்கத்திலேயே பெருங்கால்வாயிலும் யாங்சியிலும் படகும் நீராவிக் கப்பலும் மலிவாகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்ததால் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. செலவு எவ்வளவு என்று முடிவு செய்யும் குழுவில் ஐந்து பேர்: இரண்டு சீனர், இரண்டு ஆங்கிலேயர், ஐந்தாவது தலைமைப் பொறியாளர், அவரும் ஆங்கிலேயர். என்னைக் கேட்டால் அந்த 20 சதவீதத்தைவிட இந்த ஐந்தாவது நாற்காலிதான் விலை உயர்ந்தது.

சீன அதிகாரிகளுக்கும் இது புரியாமல் இல்லை. 1908 ஜனவரியில் தியான்ஜின்–புகோவ் ரயிலுக்கு 50 லட்சம் பவுண்டு கேட்டு ஜெர்மானியரோடும் பிரிட்டிஷாரோடும் பேசியபோது ரயிலை அடமானம் வைக்க மறுத்து, மாகாண வரிகளை ஈடாகக் கொடுத்தார்கள். கட்டுமானமும் நிர்வாகமும் சீன அரசின் பொறுப்பு என்று எழுதி வாங்கினார்கள், லாபப் பங்குக்குப் பதில் ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். தலைமைப் பொறியாளர்கள் மட்டும் ஐரோப்பியர்களாகவே இருந்தார்கள்.

அதே வருஷம் பெய்ஜிங்–ஹான்கோவ் ரயிலின் பெல்ஜியக் கடனையும் அடைத்து, லாபத்தில் அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த 20 சதவீதத்தை நிறுத்தினார்கள். அதற்கான 50 லட்சம் பவுண்டைப் பிரிட்டிஷ், பிரெஞ்சு வங்கிகளிடம் கடனாகத்தான் வாங்கினார்கள், ஆனால் இந்த முறை ரயில் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் இல்லை.