ஸ்ட்ரூமா ஓவாரி: அடிவயிற்றில் ஒரு தைராய்டு

சினைப்பைக் கட்டியை அகற்றிய பிறகு வரும் திசு ஆய்வு அறிக்கையில் அபூர்வமாக ‘ஸ்ட்ரூமா ஓவாரி’ என்று எழுதியிருக்கும். அகராதியைப் புரட்டினால் ‘ஸ்ட்ரூமா’வுக்கு முன்கழுத்துக் கழலை என்று பொருள் கிடைக்கும். கட்டி இருந்ததோ அடிவயிற்றில். கழுத்து எங்கிருந்து வந்தது?

ஸ்ட்ரூமா லத்தீன் சொல். முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் இச்சொல்லால் குறித்தது கழுத்தில் நெறிகட்டி வரிசையாகப் புடைக்கும் நோயை. நம் சித்த மருத்துவர்கள் அதையே மாலையாகப் பார்த்துக் கண்டமாலை என்றார்கள். எனக்கு லத்தீனைவிட இதுவே அழகாகப் படுகிறது. பிற்காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் ஸ்ட்ரூமாவைத் தைராய்டு வீக்கத்துக்கு ஒதுக்கினார்கள். 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ தாம் கண்ட தைராய்டு நோய்க்குப் பெயரிட்டபோதும் இச்சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். ‘ஓவாரி’ என்றால் ‘சினைப்பையினுடைய’. முட்டையைக் குறிக்கும் ‘ஓவம்’ அதன் வேர்.

பெயர் பொய் சொல்லவில்லை. முடி, பல், கொழுப்பு எல்லாம் முளைக்கும் டெரட்டோமா வகைக் கட்டியில் சில வேளை தைராய்டுத் திசுவே பாதிக்கு மேல் வளர்ந்துவிடும், அதுதான் இது. அறுத்துப் பார்த்தால் பழுப்பும் பச்சையும் கலந்த கூழ். நுண்ணோக்கியில் இளஞ்சிவப்புக் கூழ் நிரம்பிய சிறு சிறு அறைகள். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் காட்டினால் கழுத்துத் தைராய்டு என்றே நினைக்கத் தோன்றும்.

சினைப்பைக் கட்டிகளில் இது சுமார் 1 சதவீதம். பெரும்பாலும் புற்று அல்ல. ஆனால் வயிற்றில் நீர் கோத்து, சினைப்பைப் புற்றில் உயரக்கூடிய சிஏ-125 என்ற புரதத்தின் அளவும் ரத்தத்தில் ஏறிவிட்டால் புற்றுநோயோ என்ற பயம் வருவது இயல்பு. ஸ்கேனில் ஐயம் எழலாம். உறுதி செய்வது திசு ஆய்வே. சிலருக்கு மட்டும் இந்த இடம் மாறிய தைராய்டு ஹார்மோனைச் சுரந்து படபடப்பு, உடல் மெலிவு தரும். அப்போது கதிரியக்க அயோடின் ஸ்கேனில் கழுத்து மங்கியிருக்க, இடுப்புப் பகுதி ஒளிரும். அத்தகையவர்களுக்கு ஹார்மோனை மருந்தால் அடக்கிய பிறகே அறுவை செய்வார்கள். குழந்தை வேண்டும் என்பவருக்குக் கட்டியையோ அந்தப் பக்கச் சினைப்பையையோ மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும்.

தமிழில் என்ன சொல்வது? ‘சினைப்பைக் கழலை’ என்று எழுதுவது தவறு. கழலை என்பது நமக்கு எந்தக் கட்டிக்கும் பொது. அப்படி எழுதினால் இந்தக் கட்டியின் ஒரே அடையாளம் காணாமல் போகிறது. ‘சினைப்பை முன்கழுத்துக் கழலை’ என்பதோ சிரிப்பை வரவழைக்கும். ஆகவே தைராய்டு என்ற சொல் பெயருக்குள் இருந்தே தீரவேண்டும்: ‘சினைப்பைத் தைராய்டுக் கழலை’. ஓவரிக்குத் தமிழகப் பாடநூல் ‘அண்டகம்’ என்கிறது. நான் சினைப்பையையே தேர்வேன். மீன் அரியும்போது ‘சினை இருக்கிறதா’ என்று பார்க்கும் வீட்டில் அச்சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கை வாசகர்களுக்கு எழுதுவதானால் ‘சூலகத் தைராய்டுக் கழலை’ என்று மாற்றிக்கொள்ளலாம். தமிழகத்தில் அது குழப்பும். இங்கே சூலகம் பூவில் இருக்கிறது.