பாக்கெட்டில் அதிராத போன்

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது போலிருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. சில சமயம் போனே பாக்கெட்டில் இருக்காது, மேசை மேல் கிடக்கும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் இந்தப் பொய் அதிர்வை உணர்ந்ததுண்டு என்றார்கள். துணி உரசியிருக்கும், தொடைத் தசை லேசாகத் துடித்திருக்கும். அழைப்பை எதிர்பார்த்தே பழகிய மூளை அதை அழைப்பாக எடுத்துக்கொள்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை, கதவும் சாத்தியிருக்கிறது. ஆனாலும் மனத்தின் ஒரு பாதி வாசலிலேயே நிற்கிறது. தனிமையை நம்மிடமிருந்து பறித்தது மனிதக் கூட்டமல்ல, இந்தக் காத்திருப்புதான் என்பேன்.

காத்திருப்பு எப்படி உருவாகிறது? நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். ஒரு சமிக்ஞை தெரியும், பிறகு பழச்சாறு கிடைக்கும். முதலில் சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பின் சமிக்ஞைக்கே துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் செயல்பாடு சட்டென்று குறைந்தது. அதாவது அந்தத் துடிப்பு அளப்பது இன்பத்தை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை. எப்போது கிடைக்கும் என்று கணிக்கவே முடியாவிட்டால் இந்த வேறுபாடு தீர்வதே இல்லை. எத்தனை கொத்துக்கு ஒருமுறை தானியம் விழும் என்று தெரியாத புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் ஸ்கின்னர் அதற்கு முன்பே காட்டியிருந்தார். போனும் அப்படித்தான். பத்து முறை திறந்தால் ஒன்பது முறை வெறுமை. பத்தாவது முறை, நாம் ஏங்கியிருந்த ஒருவரின் இரண்டு வரி.

போனைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. 2015-இல் வெளியான ஒரு பரிசோதனையில், கவனம் தேவைப்படும் வேலையில் இருந்தவர்களுக்கு அறிவிப்பு ஒலியோ அதிர்வோ வந்தது. அவர்கள் போனை எடுக்கவே இல்லை. தவறுகள் கூடின.

இதில் நாம் இழப்பது என்ன என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கடினமான வேலையில் இறங்கும்போது கூடுதலாகச் செலவாவது பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் சும்மா இருக்கும்போது அது என்னதான் செய்கிறது? 2001-இல் நரம்பியலாளர் மார்கஸ் ரைக்லும் சகாக்களும், வெளிவேலை இல்லாதபோது சுறுசுறுப்பாகும் பகுதிகளை மூளையின் 'இயல்புநிலை' என்ற கருத்தால் விளக்கினார்கள். மூளையின் முன்பக்க நடுப்பகுதியும், பின்பக்கம் உள்ளடங்கிய ஒரு பகுதியும் அதில் முக்கியமானவை. பழையதை நினைப்பது, நாளையைக் கற்பனை செய்வது, இன்னொருவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசிப்பது எல்லாம் இந்தப் பகுதிகள் துணைநிற்கும் வேலைகள். லிஃப்டுக்காக நிற்கும் ஒரு நிமிடம் இவற்றுக்கு உரியது. அந்த நிமிடத்தில்தான் கை பாக்கெட்டுக்குப் போகிறது.

இந்தப் பகுதிகள் சேர்ந்த அமைப்பு எப்போதும் நல்லதையே அசைபோடும் என்று சொல்லமாட்டேன். மனச்சோர்வில் இருப்பவர்கள் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி நினைப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. அவர்களிடம் 'தனியாக இரு' என்பது அறிவுரையே அல்ல.

2014-இல் உளவியலாளர் டிமோதி வில்சன் குழு, ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் வெறும் எண்ணங்களோடு உட்காரவைத்தது. விரும்பினால் ஒரு பொத்தானை அழுத்தி மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் அழுத்தினார்கள். மனிதனுக்குத் தன்னோடு இருக்கவே பிடிக்காது என்று பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். நான் ஏற்கவில்லை. அது பிறர் உட்காரவைத்த தனிமை. 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 15 நிமிடம் தனித்திருந்தவர்களிடம் பரபரப்பும் படபடப்பும் சேர்ந்தே தணிந்தன. தாமே விரும்பி இருந்தவர்களிடம் மன அழுத்தமும் குறைந்தது. பரபரப்பு வடியும் அந்த முதல் சில நிமிடங்களைத்தான் நாம் சலிப்பு என்று எண்ணி ஓடிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் மாலையில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருகிறேன். நேற்று முதல் பத்து நிமிடத்தில் கை இரண்டு முறை தொடையைத் தடவியது. மூன்றாவது முறை போகவில்லை. சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. அவர் முகம், பேச்சை மாற்றிய விதம். அன்று அவர் எதிரில் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.