முகப்பு விளக்கும் வால்வெள்ளியும்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் படமெடுப்பது என் தொழில். முகப்பையும் வளவையும் (வீட்டின் உள்முற்றப் பகுதி) ஒளியூட்டிக் காட்டியே பிழைக்கும் ஒருவன், விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள் என்று எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 2018 டிசம்பர் 16 இரவு எடுத்த படங்கள்தாம் இதை எழுத வைக்கின்றன.

அன்று 46பி விர்டனென் என்னும் வால்வெள்ளி, பூமியிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நம்மைக் கடந்துகொண்டிருந்தது. வானத்தில் அது நின்ற இடம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் ரோகிணி நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. வளர்பிறை நிலவு மறைய நள்ளிரவு தாண்ட வேண்டும். மூன்று மணிக்கெல்லாம் கார்த்திகை மேற்கே பனைமரங்களை நெருங்கிவிடும். ஆக, இருட்டு கிடைத்தது இரண்டு மணி நேரம்தான்.

ஊருக்குக் கிழக்கே கண்மாய்க் கரையில் 200 மி.மீ. லென்ஸுடன் நின்றேன். வானத்தின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். நம் பகுதியில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது; ஒரு தென்னையோ ஒரு மாடியோ போதும், அதை மறைத்துவிட. கரையைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். மார்கழிப் பனி லென்ஸில் படியாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

அந்த வால்வெள்ளி நட்சத்திரங்களுக்கிடையே மூன்று மணி நேரத்தில் முழுநிலவின் அகல அளவுக்கு நகர்ந்தது. எனவே 60 விநாடிப் படங்கள் பலவற்றை நட்சத்திரங்களுக்குப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வால்வெள்ளி தீற்றலாகிவிடும். வால்வெள்ளிக்குப் பொருத்தி அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். இரண்டு விதமாகவும் அடுக்கி, பிறகு ஒன்றுசேர்ப்பதே வழக்கம். (வால் எங்கே என்று பின்னர் பலர் கேட்டார்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில் நீளும் வால், அன்று பெரும்பாலும் அதன் தலைக்குப் பின்னால் இருந்தது.)

நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு முடிந்த சில நாட்கள் அவை. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கு நேர் மேற்கே இருந்த ஒரு வீட்டில், தரையிலிருந்து மேல்நோக்கிப் பொருத்திய நான்கு வெள்ளை எல்இடி விளக்குகள் முகப்பின் சுதை உருவங்களைத் தாண்டி, மேலே பனிப்படலம் முழுவதையும் வெளுக்கச் செய்தன. இரண்டு மணிக்கு அவை அணைந்தன.

வீட்டுக்கு வந்து, அணைவதற்கு முன் எடுத்தவற்றையும் பின் எடுத்தவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கார்த்திகை இரண்டிலும் இருந்தது. வால்வெள்ளியோ முதல் வரிசையில் அழுக்குக் கறைபோல மட்டுமே தெரிந்தது. இரண்டாவதில், இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகள் உமிழும் அந்தப் பச்சை ஒளி வட்டமாகப் பரவியிருந்தது. மொத்த ஒளியில் அது கார்த்திகையின் ஒரு நட்சத்திரத்துக்கு இணையானதுதான். ஆனால் நட்சத்திரம் தன் ஒளி முழுவதையும் ஒரு புள்ளியில் குவித்து வைத்திருக்கிறது. வால்வெள்ளி அதையே முழுநிலவைவிட அகலமான பரப்பில் விரித்துவிடுகிறது. வானம் சற்று வெளுத்தாலும் விரிந்த ஒளிதான் முதலில் மூழ்கும். கார்த்திகை தெரிகிறதே, நம் வானம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் ஏமாறுவது இதனால்தான்.

மறுநாள் அந்த வீட்டு ஆச்சியிடம் பேசப் போனேன். வாசல் இருண்டு கிடந்தால் குடும்பத்துக்கு ஆகுமா என்று கேட்டார். அணைக்க வேண்டாம், திருப்பினால் போதும் என்றேன். பிறகு அவர் சொன்னதுதான் சுருக்கென்றது: இரண்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டைப் படமெடுக்க வந்தபோது, விளக்கைத் தரையில் வைத்தால் முகப்பு எடுப்பாகத் தெரியும் என்று சொன்னவன் நானேதான். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

செலவு பெரிதாக ஆகவில்லை. விளக்குகளை முகப்பின் விளிம்புக்கு அடியில் கீழ்நோக்கி மாட்டி, பக்கங்களில் தகர மறைப்பு வைத்தோம். வெள்ளை ஒளியில் நீலம் மிகுதி, காற்றில் அதிகம் சிதறுவதும் நீலமே என்பதால், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவில் 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சார்ந்த விளக்குகளுக்கு மாற்றினோம். வாசற்படிக்கு மட்டும், ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் விளக்கு ஒன்று.

சுதை யானைகளின் நிழல் இப்போது மேலே எழாமல் காலடியில் விழுகிறது. பகல் வெயிலில் விழுவதும் அப்படித்தான் என்பது, இத்தனை ஆண்டு ஒளியமைத்த எனக்கு அதுவரை உறைக்கவில்லை.