டெஸ்க்டொப்பில் டொக் போடுவதற்கு முன்

திருகோணமலையில் கணினி திருத்தும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வரும் லப்டொப்கள் பலவற்றில் திரையே தெரிவதில்லை. விண்ணப்பப் படிவங்கள், ஸ்கான் செய்த அடையாள அட்டைகள், பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்கள், கல்யாணப் படங்கள் என்று ஐகொன்கள் விளிம்புவரை நிறைந்து கிடக்கும். "மாக்கில இருக்கிற மாதிரி அடியில ஒரு டொக் போட்டுத் தாங்கோ" என்று கேட்பவர்கள் இதில் சலித்தவர்கள்தான். டொக் என்பது அப்பிளின் மாக் கணினிகளில் திரையின் அடியில் செயலி ஐகொன்கள் வரிசையாக நிற்கும் பட்டை. அதைக் கேட்பது நியாயமான விருப்பம். அடிக்கடி திறக்கும் ஏழெட்டுச் செயலிகள் ஒரே பட்டையில் இருந்தால் வேலை சுருக்காக முடியும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் புழங்கும் எங்கள் ஊர் அலுவலகங்களில், படத்தைப் பார்த்தே யாரும் திறக்கலாம் என்பது பெரிய வசதி.

டொக் போட்டதும் டெஸ்க்டொப் ஐகொன்களை மறைத்துவிடச் சொல்வார்கள். மறைத்தாலும் கோப்புகள் சி டிரைவிலேயே இருக்கும். பிறகொரு நாள் விண்டோஸைத் திரும்பப் போடுபவர் சி டிரைவை அழித்தால் எல்லாம் போய்விடும். டொக்கில் தெரியும் ஐகொன் கோப்பைத் திறக்கும் குறுக்குவழி மட்டுமே. ஆகவே ஆவணங்களை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். நான் இதைச் செய்த பிறகே டொக்கில் கை வைப்பேன்.

அடுத்தது பாதுகாப்பு. டொக் என்பது கணினி திறந்ததிலிருந்து மூடும்வரை உங்கள் கணக்கின் அனுமதியோடு ஓடிக்கொண்டிருக்கும் செயலி. அழகு எப்படியும் இருக்கட்டும். யார் செய்தது, இப்போதும் பராமரிக்கிறார்களா, எங்கிருந்து இறக்கினோம் என்பவைதான் முக்கியம். பலர் பெயர் சொல்லிக் கேட்பது ரொக்கெட்டொக் என்ற டொக் செயலி. அருமையான செயலிதான், ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 1.3.5 வெளிவந்தது 2008இல். இப்படிப் பழைய பெயரைத் தேடும்போது யார் யாரோ நடத்தும் தரவிறக்கத் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் கண்ணில் படும் பெரிய பொத்தான் பல வேளை வெறும் விளம்பரம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால் டொக்கோடு வேறு சிலதும் உள்ளே வரும். பிரவுசரின் முகப்பு மாறும், தேடல் வேறெங்கோ போகும், மூலையில் விளம்பரம் முளைக்கும். "டொக் போட்ட பிறகு நெட் ஸ்லோ" என்று வந்த கணினிகளில் நான் கண்ட காரணம் பெரும்பாலும் இதுதான்.

இறக்கிய கோப்பை உடனே திறக்காதீர்கள். ரைட் கிளிக் செய்து 'புரொப்பட்டீஸ்' பக்கத்தில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் 70 வரையான ஆன்டிவைரஸ் இயந்திரங்கள் அதைச் சோதிக்கும். அங்கே உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்றாதீர்கள், ஏற்றுபவை ஆய்வாளர்களோடு பகிரப்படும்.

விண்டோஸுக்கு நான் முதலில் சொல்வது வின்ஸ்டெப் நெக்ஸஸ். அடிப்படைப் பதிப்பு இலவசம், அல்டிமேட் பதிப்புக்குக் காசு. ஸ்டார்டொக் நிறுவனத்தின் ஒப்ஜெக்ட்டொக் இன்னொரு தெரிவு. காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்த கிராக் பதிப்பு கேட்டால் மறுத்துவிடுவேன்; ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் கோப்பை ஏன் நம்ப வேண்டும்? உபுண்டு பாவிப்பவர்களுக்குத் தேடவே தேவையில்லை, 2017இல் வந்த 17.10 பதிப்பிலிருந்து டொக் கூடவே வருகிறது.

வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். 1366க்கு 768 திரையில் விண்டோஸ் 10இன் அடிப் பட்டையான டாஸ்க்பார் 40 பிக்சல் எடுக்கும். அதற்கு மேலே 80 பிக்சலில் டொக்கும் நின்றால் எக்செலுக்கு மிஞ்சுவது 648தான். இடது ஓரத்தில் வையுங்கள், இல்லையேல் தானாக மறையும்படி அமையுங்கள். ஐகொன் பெருக்கும் அசைவையும் மங்கலாக்கும் பின்னணியையும் பழைய கணினிகளில் நிறுத்திவிடுவது நல்லது.

4 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினிக்கு நான் டொக்கே போடுவதில்லை. விண்டோஸ் 7 காலத்திலிருந்தே செயலிகளை டாஸ்க்பாரில் 'பின்' செய்து, அதாவது எப்போதும் அங்கேயே நிற்கும்படி, வைக்கலாம். விண்டோஸ் விசையோடு 1ஐ அழுத்தினால் முதலாவது திறக்கும், 2ஐ அழுத்தினால் இரண்டாவது. ஒரு வாரம் அப்படிப் பாவித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் டொக் வேண்டுமென்று பட்டால் கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன்.