எடிட்டரை தீம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்

புதுச்சேரியில் ஒரு விடுதிக்கு இணையதளம் செய்தாலே தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் ஒரே கோப்பில் வந்து உட்கார்ந்துவிடும். மாஹே, ஏனாம் கிளைகளும் இருந்தால் மலையாளமும் தெலுங்கும் சேரும். இதோடு பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி), எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் பின்னிக்கிடக்கும். இப்படிப்பட்ட கோப்பை எழுத எடிட்டர் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் தீமை, அதாவது வண்ண அலங்காரத்தை அல்ல, ஒன்றே ஒன்றைத்தான்: கோப்பின் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) என்ன என்பதை அது கண்ணெதிரே காட்டுகிறதா?

விஎஸ் கோட் எடிட்டரில் வலது கீழ் மூலையில் ‘யூடிஎஃப்-8’ என்று தெரியும். எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூனிகோட் என்கோடிங் அது. அந்தப் பெயரைச் சொடுக்கினால் இரண்டு வழிகள் வரும்: வேறு என்கோடிங்கில் மறுபடி திறப்பது, வேறு என்கோடிங்கில் சேமிப்பது. எழுத்து கலைந்து தெரிந்தால் மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும். கலைந்ததைத் திருத்துகிறேன் என்று சேமித்துவிட்டால் அந்தக் குப்பைதான் மிஞ்சும். நோட்பேட் பிளஸ் பிளஸிலும் இதே வலை உண்டு. மெனுவில் மேலே இருக்கும் ‘யூடிஎஃப்-8’ பழைய பைட்டுகளை வேறு மாதிரி படிக்கும். கீழே ‘கன்வர்ட் டு யூடிஎஃப்-8’ பைட்டுகளையே மாற்றும்.

அடுத்தது பிஓஎம். இது யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்ட, கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் 3 பைட். பழைய விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே இதையும் ஒட்டிவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில்தான் அது மாறியது. பிஎச்பி கோப்பில் இந்த 3 பைட்டும் பிரௌசருக்கு முந்திக்கொண்டு போய்விடும். பின்னால் வரும், லாகினை நினைவில் வைக்கும் செஷன் வரி ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ (தலைப்புத் தகவல் ஏற்கெனவே போய்விட்டது) என்று எச்சரிக்கும், லாகின் நிற்காது. உங்கள் கணினியின் பிஎச்பியில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும் அமைப்பு) 4096 என்று இருந்தால் எல்லாம் சரியாகவே ஓடும். அது அணைந்திருக்கும் சர்வரில் ஏற்றிய பிறகுதான் வண்டவாளம் தெரியும். ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று தனியாகப் பெயர் சொல்லிக் காட்டாத எடிட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

தேடலையும் சோதித்துப் பாருங்கள். ‘கொம்யூன்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்த்தும் எழுதலாம், கொம்பும் காலும் இரண்டு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எடிட்டரின் தேடல் குறியீட்டைத்தான் ஒப்பிடும், ஆகவே 12 இடத்தில் இருக்கும் சொல், உதாரணமாக, 7 இடத்தில் மட்டும் மாறலாம். மொத்தமாக மாற்றும் முன் கோப்பை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு, கொண்டுவந்துவிடுவது நல்லது.

நீங்கள் தட்டும்போது எடிட்டர் எடுத்துக்கொடுக்கும் பிஎச்பி ஃபங்ஷன் பெயரை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். ‘புதுச்சேரி’யின் நீளம் கேட்டால், பைட்டை எண்ணும் ஸ்டர்லென் 30 என்கும், யூனிகோட் குறியீட்டை எண்ணும் எம்பி ஸ்டர்லென் 10 என்கும், கிராஃபீம் ஸ்டர்லென்தான் நாம் எண்ணும் 5-ஐத் தரும். தலைப்பை வெட்டும் இடத்தில் முதலாவதை நம்பினால் கடைசி எழுத்து உடைந்து கேள்விக்குறிக் கட்டமாகும்.

எழுத்துருவில் கான்சோலாஸுக்கு அடுத்து நிர்மலா யூஐ என்று கொடுத்து, வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தமிழ் எழுத்துகள் சம அகலத்துக்கு அடங்காது. ஸ்பேஸ் தட்டி வரிசை பிடிப்பது வீண்.

பெரும்பாலோருக்கு விஎஸ் கோட் போதும். பிஎச்பிக்குள் எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) நிறைய எழுதுபவருக்கு பிஎச்பிஸ்டார்ம் என்ற எடிட்டர் காசுக்குத் தகும். நினைவகம் குறைந்த பழைய கணினியில் நோட்பேட் பிளஸ் பிளஸ். குழுவில் ஆளுக்கொரு எடிட்டர் என்றால் புராஜெக்டில் ஒரு எடிட்டர்கான்ஃபிக் கோப்பு (எல்லா எடிட்டருக்கும் பொதுவான அமைப்புகளைச் சொல்வது) வைத்து, என்கோடிங்கையும் வரி முடிவையும் அதில் கட்டிவிடுங்கள். பிஎச்பிஸ்டார்ம் அதைத் தானே படிக்கும். விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

அச்சகத்திலிருந்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வரும் மேட்டரை மட்டும் எந்த எடிட்டராலும் காப்பாற்ற முடியாது. அது தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்து. கன்வர்ட்டரில் போட்டுத்தான் யூனிகோடாக்க வேண்டும். தமிழ்ப் பகுதியை மட்டும் போடுங்கள். முழுப் பக்கத்தையும் போட்டால் முகவரியில் பிரெஞ்சில் இருக்கும் ‘ரூ துய்மா’வும் சேர்ந்து உளறலாகிவிடும்.