மச்சு பிச்சுவில் மழை எங்கே போகிறது?

மழைக்காலத்தில் மச்சு பிச்சுவுக்குப் போனால் படம் சரியாக வராது. மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் அந்த ஊரைக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க அதுதான் நல்ல நேரம் என்பேன்.

பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில், சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே உள்ள முகட்டில் 15ஆம் நூற்றாண்டில், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட இன்கா மக்கள் கட்டிய ஊர் இது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,000 மில்லிமீட்டர் மழை. பக்கவாட்டில் செங்குத்துச் சரிவு, கீழே உருபம்பா ஆறு. நியாயமாகப் பார்த்தால் ஊர் எப்போதோ வழுக்கி ஆற்றில் விழுந்திருக்க வேண்டும்.

காய்ந்த மண்ணைச் சுலபமாகத் தாங்கும் சுவர், அதே மண் ஊறிப்போனால் திணறும். மண்ணின் எடை கூடும். உள்ளே தேங்கிய தண்ணீரும் தன் பங்குக்குச் சுவரை வெளியே நெட்டும். மலைச்சாலை ஓரத் தடுப்புச்சுவர்களில் சின்னச் சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவை அந்தத் தண்ணீரை வெளியே விடத்தான்.

இன்காக்கள் இதை அடியிலிருந்தே யோசித்திருக்கிறார்கள். அங்குள்ள படிக்கட்டு வயல்களில் மேலே பயிருக்கான மண், அதன் கீழே மணலும் சரளையும், அடியில் பெரிய கற்கள். மழை மேல்மண்ணை நனைத்துவிட்டு, இடுக்குகள் வழியே விறுவிறுவென்று கீழே போய்விடும். சுவரை நெட்ட அங்கே தண்ணீர் நிற்பதே இல்லை. சுவர்களும் மலைப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். ஊர் நடுவே உள்ள புல்வெளிச் சதுக்கத்தின் அடியிலும் கல் சில்லுகள்தான். வீடு கட்டக் கல் செதுக்கியபோது உதிர்ந்த கழிவு அது! குப்பையை எங்கே கொட்டுவது என்ற தலைவலியும் தீர்ந்தது, வடிகாலும் ஆயிற்று.

அமெரிக்க நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டும் பெரு தொல்லியலாளர் ஆல்ஃபிரெடோ வாலென்சியாவும் 1990களில் இதையெல்லாம் அளந்து ஆராய்ந்தார்கள். சுவர்களிலும் தளங்களிலும் அவர்கள் கணக்கெடுத்த வடிகால் துளைகள் மட்டும் கிட்டத்தட்ட 130. கட்டுமான உழைப்பில் சுமார் 60 விழுக்காடு மண்ணுக்கடியில் புதைந்திருக்கிறது என்பது ரைட்டின் கணிப்பு.

சரி, குடிக்கத் தண்ணீர்? மலைப்பாறையின் பிளவில் ஓர் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து 749 மீட்டர் நீளக் கல் வாய்க்கால், மெல்லிய சரிவில் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவருகிறது. அப்புறம் அது ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீர்த்துறைகளில் விழுந்து இறங்கும். முதல் துறை அரசரின் மாளிகையை ஒட்டி. அவருக்குத்தான் முதல் தண்ணீர். ஒவ்வொரு துறையிலும் வாய்க்காலின் நுனியைக் குறுக்கிச் செதுக்கியிருப்பதால், தண்ணீர் சுவரில் வழியாமல் கயிறு போலத் திரண்டு விழும். குறுகிய கழுத்துள்ள மண்குடத்தை நீட்டினால் சிந்தாமல் நிரம்பும்.

மழை வலுத்தால் ஏதாவது ஒரு சுவரோரம் ஒதுங்கி, கீழே பாருங்கள். கையை நுழைக்கும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை, அதிலிருந்து சின்ன ஓடை போல தண்ணீர். பெரும்பாலானவர்கள் ஷூ நனையாமல் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள்.