கொப்பி நிறைந்திருக்கிறது, பிள்ளை வாசிக்கிறதா?

தை மாதம் தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா முடிந்து இரண்டு கிழமை போவதற்குள் தாய்மாரிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். "டீச்சர், இன்னும் கொப்பியில ஒண்டும் எழுதல்லையே?" மட்டக்களப்பில் தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் படிப்பிக்கிறேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். கேட்பதில் பிழையில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று வீட்டுக்குத் தெரிவது கொப்பி வழியாகத்தானே. ஆனால் தரம் ஒன்றில் வருடம் முழுக்க நடக்கிற படிப்பில் பெரும்பகுதி கொப்பியில் ஏறாது. ஏறுகிற கொஞ்சத்தை மட்டும் பார்த்து அவசரப்படுத்தினால், அதன் விளைவு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

தரம் மூன்றுக்கு வரும் சில பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதை வரி தப்பாமல் கொப்பியில் இறக்கிவிடுவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதே வரியில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன மனே?" என்று கேட்டால் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாது. இரண்டு வருடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண் பார்த்த உருவத்தைக் கை வரைந்திருக்கிறது, அந்த உருவத்துக்குரிய ஓசை உள்ளே போகவே இல்லை. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, ஏனென்றால் கொப்பி நிறைந்திருந்தது. எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் நான் காணும் கஷ்டங்களில் அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

நம் நாட்டில் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். தரம் ஒன்றும் இரண்டும் சேர்ந்தது முதலாவது, மூன்றும் நான்கும் இரண்டாவது, தரம் ஐந்து மூன்றாவது. 1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தத்தின் ஏற்பாடு இது. விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து செய்யும் எழுத்து வேலை என்று கற்றலுக்கு மூன்று வழிகள். முதலாவது நிலையில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் கூடிய இடம். எழுத்து வேலை மெல்ல மெல்லக் கூடி, தரம் ஐந்தில்தான் முன்னுக்கு வரும். ஆகவே மாசியில் கொப்பி வெறுமையாக இருந்தால் டீச்சர் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. தரம் ஒன்றில் வராத ஒரு தேர்ச்சியைத் தரம் இரண்டில் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதலாவது நிலை இரண்டு வருடம் நீள்வதன் பயன் அது. இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை அந்த வருடம் தரம் ஒன்றுக்கு வரலாம். அப்படியென்றால் ஒரே வகுப்பில் நேற்று ஐந்து முடிந்த பிள்ளையும் இருக்கும், இன்னும் சில நாளில் ஆறு முடியப் போகிற பிள்ளையும் இருக்கும். அந்த வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு! ஒரு தாய் தன் பிள்ளையின் கொப்பியைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டதும் மற்ற வீடுகளில் அன்று இரவு அழுகையும் அடியும் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட முன்னர் இரண்டு பிள்ளைகளின் பிறந்த மாதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

சரி, முதலாம் தவணையில் என்னதான் நடக்கிறது? கேட்பதும் பேசுவதும். "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று முப்பது பேருக்கு நடுவில் எழும்பிச் சொல்வது சில பிள்ளைகளுக்கு ஒரு மாத வேலை. சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறப்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, சொன்ன இரண்டு வேலையை ஒழுங்காகச் செய்வது, இவையும் அப்படித்தான். மறுகா (பிறகு) ஓசை விளையாட்டு. "மாமா, மாடு, மாலை" என்று சொல்லி, முதலில் வரும் ஓசை என்ன என்று கேட்பேன். "படம்" என்ற சொல்லுக்குக் கையைத் தட்டித் தட்டி ப - ட - ம் என்று பிரிப்போம். எழுத்து எதுவும் இல்லை, காதும் வாயும்தான். ஒரு சொல் சின்னச் சின்ன ஓசைகளால் ஆனது என்று காதுக்குப் பிடிபடாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால், அது வெறும் கோடாகவே தெரியும். பார்த்து எழுதும் பிள்ளைகள் உருவாவது இந்த இடத்தைத் தாண்டிப் பாய்வதால்தான்.

எழுத்து வரும்போதும் நான் "அ"வில் தொடங்குவதில்லை. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து "அ" எழுதுவித்தோமே, அதன்படியே தொடராதது ஏன் என்று பாட்டன்மார் கேட்பதுண்டு. அந்தச் சடங்கு நல்லது, பிள்ளைக்கு அது ஒரு கௌரவம். ஆனால் "அ"வின் சுழியும் வளைவும் ஐந்து வயதுக் கைக்குக் கஷ்டம். ட, ப, ம மூன்றும் கிட்டத்தட்ட நேர்கோடுகள். அதோடு இந்த மூன்றும் மெய்யெழுத்தின் புள்ளியும் பிடிபட்டவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல்லை வாசித்துவிடலாம். அரவு (ா) சேர்ந்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. பிள்ளை "நான் வாசிச்சிட்டன் டீச்சர்" என்று துள்ளுவது அந்த நாளில்தான். தமிழில் மொத்தம் 247 எழுத்து. ஐந்து வயதுப் பிள்ளையை அந்த முழு அட்டவணைக்கு முன்னால் நிறுத்தி ஒப்புவிக்கச் சொன்னால், பாட்டு மாதிரிப் பாடும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால், திரும்ப முதலில் இருந்து பாடித்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் முழுதாக எலும்பாகி முடியவில்லை, அது பத்து வயதையும் தாண்டிப் போகும் வேலை. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரே எழுத்தை இரண்டு பக்கம் எழுது என்றால், பிள்ளை முழு முட்டியாலும் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், தாள் கிழியும், விரல் நோகும், எழுத்தே வெறுத்துவிடும். அதனால்தான் வகுப்பில் களிமண் பிசைகிறோம், கடதாசி கிழித்து ஒட்டுகிறோம், மணி கோர்க்கிறோம். வீட்டில் இதற்காக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கச்சான் உடைக்க விடுங்கள், கீரை ஆயவும் உள்ளி உரிக்கவும் பக்கத்தில் இருத்துங்கள், சேட்டுப் பொத்தானைப் பிள்ளையே போடட்டும். எழுத்தைத் திருப்பிக் கண்ணாடியில் தெரிவதுபோல எழுதினாலும் பயப்படாதீர்கள். இந்த வயதில் பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள், ஏழு வயதளவில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அதற்காக அடிக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.

கணிதத்திலும் இதே கதை. "எண்ட மகள் நூறு மட்டும் சொல்லுவா டீச்சர்" என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்வார். சொல்வது உண்மைதான். அந்தப் பிள்ளையிடம் ஏழு ஈர்க்குத் துண்டு எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். எண்ணின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒன்று, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று தொட்டு எண்ணுவது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று விளங்குவது அதற்கும் மேலே. நான் குரும்பட்டியை ஆறு ஆறாக இரண்டு வரிசை வைப்பேன். ஒரு வரிசையை நெருக்கியும் மற்றதை அகட்டியும் வைத்து எதில் கூட என்று கேட்டால், தரம் ஒன்றில் பலர் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். எண்ணிப் பார்த்த பிறகும் காட்டுவார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதைக் கடந்த நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார், ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் எல்லோரும் படித்த விஷயம். பிள்ளை மொக்கு என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த விளக்கம் வளர்ச்சியோடு வரும், கையால் தொட்டு எண்ணிப் பழகியவர்களுக்குச் சுகமாக வரும். ஆகவே வகை பிரிப்பது, ஒப்பிடுவது, ஒழுங்கில் அடுக்குவது, இவற்றில் நாங்கள் நேரம் எடுக்கிறோம். வாவிக்கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளைப் பெரிது சிறிதாக அடுக்குகிற பிள்ளை கணிதம்தான் செய்கிறது. அப்புறம் ஐந்து என்பது இரண்டும் மூன்றும், நாலும் ஒன்றும் என்று பிரித்துச் சேர்த்துப் பார்ப்போம். இது கையில் வந்த பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் தனியாகப் படிப்பிக்க வேண்டிய பாடமாகவே இருக்காது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தைப் பெற்றோர் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை, சோதனைக்கு வராதது என்று நினைக்கிறார்கள். வகுப்பில் அதிகம் வாய் திறப்பது அந்த நேரத்தில்தான். வலை போடுகிற அப்பா, வயலுக்குள் யானை வந்த இரவு, கல்லடிப் பாலத்தில் பார்த்த தோணி, எல்லாம் அங்கேதான் வரும். பேசுகிற பிள்ளைதான் பிறகு எழுதும்.

நம் வருடம் நேராகவும் போவதில்லை. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை, படுவான்கரைப் பிள்ளைகள் அம்மம்மாவோடு நிற்கும் காலம். சித்திரை விடுமுறை கழிந்து வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, குடும்பத்தோடு போய்விடுவார்கள். (போகட்டும், அங்கே கேட்கிற பாட்டும் பார்க்கிற ஒழுங்கும் பிள்ளைக்கு வேண்டியவை.) ஐப்பசி பிந்தி மழை தொடங்கினால் கார்த்திகை, மார்கழியில் தாழ்ந்த ஊர்களின் பாதைகள் வெள்ளத்துக்குள். மூன்றாம் தவணையில் பல நாள் போய்விடும். உயிர்மெய் எழுத்துகளின் கொம்பு, விசிறி போன்ற குறிகள் சூடு பிடிக்கிற நேரமும் அதுவாகவே இருக்கும். ஒரு கிழமை வராத பிள்ளைக்கு ஓர் எழுத்துக் கூட்டமே தவறிப் போகலாம். அப்படி நின்றால், தவறிய பக்கங்களை வேறு பிள்ளையின் கொப்பியில் பார்த்து எழுதுவிக்காதீர்கள். டீச்சரிடம் எந்த எழுத்து நடந்தது என்று கேளுங்கள். அந்த எழுத்து வரும் சொற்களை வாயால் சொல்லிப் பழக்கிவிட்டுப் பிறகு எழுத விடுங்கள்.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம் என்றால், பின்னேரம் கொஞ்ச நேரம் பேசுங்கள். "இண்டைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும். யாரோடு விளையாடினாய், டீச்சர் என்ன கதை சொன்னார், அந்தக் கதையில் மறுகா என்ன நடந்தது என்று கேளுங்கள். அம்மம்மாமார் நொடி போடட்டும், விடை தேடும் பிள்ளை சொல்லைத் தேடுகிறது. தாய் வெளிநாட்டில் வேலை செய்கிற வீடுகளில் இரவு வீடியோ அழைப்பில் "கொப்பியைக் காட்டு" என்பதற்குப் பதிலாக ஒரு கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், அதுவே பெரிய உதவி. கைபேசியில் ஓடுகிற ஆங்கிலப் பாட்டைப் பிள்ளை அப்படியே பாடுவதைப் பார்த்து நிறையக் கற்கிறது என்று எண்ண வேண்டாம். கைபேசி பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

தரம் ஒன்றுக்கே ரியூசன் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. புலமைப்பரிசில் பரீட்சை தரம் ஐந்தில். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படத்தோடு வீதியில் பதாகை தொங்குவதைப் பார்த்துத் தரம் ஒன்றுத் தாய்க்குப் பயம் வருகிறது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு வீட்டுவேலை என்று இருந்து, மூன்று இடத்திலும் ஒரே எழுத்தைப் பார்த்து எழுதினால், தரம் ஐந்து வினாத்தாளை வாசித்து விளங்கப் போவது யார்? அந்தப் பணத்தில் மாதம் ஒரு கதைப் புத்தகம் வாங்கிப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டிய சில பிள்ளைகளும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாதது, எப்போதும் "ஆ?" என்று கேட்பது, காதில் சீழ் வடிவது, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, ஐந்து வயதிலும் வெளியாருக்கு விளங்காத பேச்சு, இவற்றை "போகப் போகச் சரியாகும்" என்று விட வேண்டாம். கேட்காத காதுக்கு நான் எத்தனை ஓசை விளையாட்டு நடத்தியும் பலன் இல்லை. பாடசாலை வைத்திய பரிசோதனை தரம் ஒன்று, நான்கு, ஏழு, பத்து வகுப்புகளுக்கு நடக்கும். அந்த நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வந்து, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் காட்டி டொக்டரிடம் நேரே சொல்லுங்கள். அது தவறினால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம். தரம் இரண்டின் நடுப்பகுதிக்கு வந்த பிறகும் படம், பட்டம் போன்ற சொற்களை ஒரு பிள்ளை கூட்டி வாசிக்கவில்லையென்றால், தரம் மூன்று வரை காத்திருக்காமல் அந்தக் கிழமையே வகுப்பு ஆசிரியரைச் சந்தியுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கொப்பி வேண்டாம்.